பட்ட தசையும் வாடிய தசையும்

நண்பர்களே, வணக்கம்.

மாரடைப்பில் இதயத்தசை சாவதைக் குறிக்கும் ‘நெக்ரோசிஸ்’ என்ற சொல்லுக்குத் தமிழ் தேடி நம் குழுவில் நான்கு நாளாக மடல்கள் ஓடுகின்றன. அழுகல், நசிவு, திசு இறப்பு மூன்றும் வந்துவிட்டன. நான் ‘பட்டுப்போதல்’ என்பேன்.

அழுகல் வேண்டவே வேண்டாம். அழுகல் என்றாலே கிருமியும் நாற்றமும்தான் நினைவுக்கு வரும். அடைபட்ட தமனியை நம்பியிருந்த தசையில் கிருமி ஏதும் இல்லை. ரத்தம் வரவில்லை, அவ்வளவுதான். நசிவு என்றால் தொழில் நசிந்தது, குடும்பம் நசிந்தது என்று நாள்பட்ட தேய்வுதான் மனத்தில் எழும். இங்கே நடப்பது வேகமான சங்கதி. ரத்தம் நின்று ஓரிரு நிமிடங்களுக்குள் தசை சுருங்குவதை விட்டுவிடுகிறது. 20 முதல் 40 நிமிடங்களில் செல்கள் மீளமுடியாத நிலைக்குப் போகத் தொடங்குகின்றன. அந்தச் சாவு உட்சுவரில் ஆரம்பித்து, சில மணி நேரத்தில் வெளிச்சுவர் வரை பரவுகிறது. திசு இறப்பு தவறில்லை, ஆனால் எல்லா வகைச் சாவுக்கும் பொதுவான சொல் அது.

இரண்டு நாள் ஆன தசையை நுண்ணோக்கியில் பாருங்கள். முதல் பார்வைக்கு எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். செல்லுக்குச் செல் எல்லைக்கோடு அப்படியே நிற்கும். ஆனால் சாயம் வழக்கத்தைவிட அடர்ந்த இளஞ்சிவப்பாக ஏறியிருக்கும். உட்கரு இருக்கவேண்டிய இடத்தில் மங்கிய நிழல், அல்லது ஒன்றுமே இருக்காது. நார்களுக்கு நடுவே வெள்ளையணுக்கள் திரளாகப் புகுந்திருக்கும். உயிர் போயும் உருவம் கலையாமல் நிற்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது. பட்ட மரம் என்கிறோமே, அதுதான்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. தென்னந்தோப்பு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் எக்கோ அறிக்கையை நீட்டி, “அந்த எடம் பட்டுப்போச்சுங்களா, இல்ல வாடிக் கெடக்குதுங்களா?” என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அடைப்பை நீக்குவதா வேண்டாமா என்று இதய மருத்துவர்கள் யோசிக்கும்போது எழும் கேள்வியே அதுதான்.

இதய மருத்துவர் ஷாபுதீன் ரஹிம்தூலா 1980களில் ‘ஹைபர்னேட்டிங் மயோகார்டியம்’ (உறங்கும் இதயத்தசை) என்று பேசியது இந்த வாடிய தசையைத்தான். ரத்தம் நெடுநாள் குறைவாகவே வருவதால் செல் தன் சுருங்கும் இழைகளில் ஒரு பகுதியை இழந்து, அந்த இடத்தில் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையைச் சேர்த்துக்கொண்டு, வேலையைக் குறைத்து உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறது. பைபாஸ் செய்து ரத்தம் திரும்பினால் வாரங்களிலோ மாதங்களிலோ ஓரளவாவது தேறும். குழுவில் ஒருவர் தந்த ‘குளிர்கால உறக்கத் தசை’ அகராதிப்படி சரிதான். ஆனால் தண்ணீர் குறைந்து வாடிய பயிர் தண்ணீர் கண்டதும் நிமிர்வதைப் பார்த்தவர்களுக்கு ‘வாடிய தசை’ என்றால் விளக்கமே தேவைப்படாது.

அப்புறம் மூன்றாவது ஒன்று இருக்கிறது. இதய மருத்துவர்கள் யூஜின் பிரான்வால்டும் ராபர்ட் குளோனரும் 1982இல் எழுதிய ‘ஸ்டன்ட் மயோகார்டியம்’ (stunned myocardium). அடைப்பு சீக்கிரமே நீங்கி ரத்தம் முழுசாக வந்துவிட்டது, தசைக்கும் உயிர் இருக்கிறது, ஆனாலும் மணிக்கணக்காக, சில சமயம் நாள்கணக்காகச் சரியாகச் சுருங்காது. இதற்கு ‘அதிர்ச்சியுற்ற தசை’ என்பதை ஏற்க முடியவில்லை. ரத்த அழுத்தம் சரியும் ‘ஷாக்’ நிலைக்கு அதிர்ச்சி என்றே எழுதிவருகிறோம். ஒரே அறிக்கையில் இரண்டும் வந்தால் குழப்பம். ‘திகைத்த தசை’ போதும். திகைப்பு தானாகத் தெளியும் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

பட்ட தசை என்பது முதல் சில நாட்களுக்கு மட்டும்தான் பொருந்தும். பிறகு விழுங்கணுக்கள் வந்து செத்த செல்களைத் தின்று அப்புறப்படுத்துகின்றன. ஒரு வாரத்தை ஒட்டிய அந்தக் கட்டத்தில் சுவர் மெலிந்து மிருதுவாகிக் கிழியும் அபாயம்கூட உண்டு. இரண்டு மாத அளவில் அங்கே இருப்பது கொலாஜன் என்ற நார்ப்புரதத்தால் ஆன தழும்பு. அதைத் தழும்பு என்றே எழுதுவோம்.

‘பட்ட’ என்பதைப் ‘பட்டை’ என்று வாசித்து, நுண்ணோக்கியில் பட்டை பட்டையாகத் தெரியும் வரித்தசையோடு குழப்பிக்கொள்வார்கள் என்ற ஆட்சேபம் நியாயமானது. தனிச்சொல்லாக விடாமல் ‘பட்டுப்போன தசை’ என்று முழுசாக எழுதினால் அது தீரும். இலங்கை நண்பர்கள் செல்லைக் கலம் என்றும் திசுவை இழையம் என்றும் எழுதுவதால், இந்த மூன்று சொற்களையும் தசையோடு மட்டும் சேர்த்தேன். இரு பக்கமும் அப்படியே செல்லும்.

எனக்குச் சிக்கலாக இருப்பது பெயர்ச்சொல்தான். ‘பட்டுப்போதல்’ அட்டவணைத் தலைப்புக்கு நீளம். ‘படுதல்’ என்று சுருக்கினால் வேறு பொருள்கள் வந்து மோதுகின்றன. யாருக்காவது நல்ல வடிவம் தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.