குரோனோடைப்: ‘பொழுதியல்பு’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

‘குரோனோடைப்’ (chronotype) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடும் நம் உரையாடலில் முன்வைத்த சொற்களில் ‘இரவு விழிப்பு வகை’ எனக்குச் சரியாகப் படவில்லை. விழித்திருப்பது செயல். குரோனோடைப் என்பதோ உடம்பின் போக்கு: அது எப்போது தானாகச் சுறுசுறுப்பாகும், எப்போது தூக்கம் கேட்கும் என்பது. தேர்வுக்காக இரண்டு மணிவரை படிக்கிற மாணவருக்கு, விடியலில் தானாக எழுகிற உடம்பும் இருக்கலாமே.

இந்த வேறுபாடு மங்கினால் ஆய்வையே தப்பாகப் படித்துவிடுவோம். பிரிட்டனின் பயோபேங்க் என்ற பெரிய உடல்நலத் தரவுத் தொகுப்பை வைத்து 2018-இல் வந்த ஆய்வைப் பாருங்கள். சுமார் 4,33,000 பேர், ஆறரை ஆண்டுகள். திட்டமாக மாலை ஆள் என்று சொன்னவர்களுக்கு இறப்பு அபாயம், திட்டமாகக் காலை ஆள் என்றவர்களைவிட 10 விழுக்காடு கூடுதல். இதை ‘கண் விழித்தால் ஆயுள் குறையும்’ என்று சுருக்கிவிடுவது எளிது. ஆனால் அவர்களை வகை பிரித்தது, படுக்கப்போன நேரத்தை வைத்து அல்ல. ‘நீங்கள் காலை ஆளா, மாலை ஆளா’ என்ற கேள்விக்குத் தங்களைப் பற்றி அவர்களே சொன்ன பதிலை வைத்து.

அப்புறம் 2023-இல் பின்லாந்து இரட்டையர் ஆய்வு. ஏறக்குறைய 23,000 பேரை 1981 முதல் 2018 வரை தொடர்ந்தார்கள். அங்கும் மாலை ஆட்களுக்கு 9 விழுக்காடு கூடுதல்தான். ஆனால் அதில் பெரும்பகுதி புகையிலும் குடியிலும் போய் நின்றது. புகைக்காத, குறைவாகக் குடிக்கிற மாலை ஆட்களிடம் அந்தக் கூடுதல் காணப்படவில்லை. இதற்காக இரவுக் கண்விழிப்பு கெடுதல் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. தூக்கக் குறைவின் கேடு வேறு, இரவுப்பணியின் கேடு வேறு. அவற்றுக்குத் தனித்தனி ஆய்வுகள் உண்டு. இந்த இரண்டையும் குரோனோடைப்பையும் ஒரே சொல்லில் கட்டிப்போட வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

என் பரிந்துரை ‘பொழுதியல்பு’. வேறு சொற்களையும் எண்ணிப் பார்த்தேன். ‘காலவகை’ என்றால் இலக்கணத்தின் இறந்தகாலம், நிகழ்காலம்தான் முதலில் மனதில் வரும். ‘பிறவி நேரம்’ பொருந்தாது, ஏனென்றால் இது பிறந்தது முதல் மாறாமல் இருப்பதல்ல. பதின்பருவத்தில் இந்தப் போக்கு பின்னுக்குத் தள்ளிப்போய், இருபதுக்குப் பிறகு மெல்லத் திரும்புகிறது. பொழுது என்றால், ஒரு நாளை ஆறாகப் பிரிக்கும் நம் சிறுபொழுதுகளும் கைகொடுக்கும். முந்தி எழுபவர் வைகறை இயல்பினர். பிந்தி உறங்குபவரை ‘மாலை இயல்பினர்’ என்பதைவிட ‘யாம இயல்பினர்’ என்பதே பொருத்தம். மாலைப் பொழுது பத்து மணியோடு முடிகிறது, அவர்களுடைய சுறுசுறுப்பு அதற்குப் பிறகும் ஓடுகிறது.

இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு ‘இடை இயல்பினர்’ போதுமா, வேறு நல்ல சொல் இருக்கிறதா? எழுதுங்கள்.