புதுப்பிப்பு: இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் உள்ள எங்கள் கிராமத்துக் கல் சுவரும் யூ மரமும்

கார் நிறுத்த இடம் வேண்டும் என்று ஒரு பழைய வீட்டின் முன்சுவரை இடிக்கவும், பின்னால் நிற்கும் யூ (yew) என்ற பசுமைமாறா மரத்தை வெட்டவும் பேச்சு நடக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். சுவர் தப்பித்தது!

அந்த வீடு, சட்டப்படி பாதுகாக்கப்படும் பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலில் இரண்டாம் தரத்தில் (Grade II) இருக்கிறது. பட்டியலில் சுவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆனால் வீட்டு வளாகத்துக்குள் 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்தே நிற்கும் கட்டுமானமும் அத்தகைய கட்டடங்களுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டோடு சேர்ந்ததுதான். அனுமதியின்றி இடிப்பது குற்றம். கட்டட அனுமதிகளைக் கவனிக்கும் கவுன்சில் திட்ட அதிகாரி இதை விளக்கியதும் உரிமையாளர் வரைபடத்தை மாற்றிவிட்டார். சுவரைச் சுண்ணாம்புச் சாந்தால் பழுதுபார்க்கவும் ஒப்புக்கொண்டார். இதில்தான் எனக்குப் பெரிய நிம்மதி. சிமெண்ட் பூசியிருந்தால் ஈரம் உள்ளேயே தங்கி, அந்த மென்மையான சுண்ணாம்புக்கல் உதிர்ந்து போயிருக்கும்.

மரத்தின் விஷயம் இன்னும் முடியவில்லை. எங்கள் கிராமம் போன்ற, பழைமை காக்கப்படும் பாதுகாப்புப் பகுதியில் (conservation area) மரம் வெட்ட ஆறு வாரம் முன்பே கவுன்சிலுக்கு அறிவிப்பு கொடுக்க வேண்டும். அதற்குள் கவுன்சில் மரப் பாதுகாப்பு ஆணை போடாவிட்டால் வெட்டலாம். ஆணை போடச் சொல்லி எழுதியிருக்கிறேன். எங்கள் கிராமத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து நீங்களும் இந்த வாரமே எழுதுங்கள்.