எஸ்.எஸ்.டி.ஐ. மறுப்பு: ஃபெடரல் கோர்ட்டா, புது விண்ணப்பமா?

முகிலன்:
எஸ்.எஸ்.டி.ஐ. என்னும் அமெரிக்க அரசின் ஊனமுற்றோர் காப்பீட்டுத் தொகையை மறுத்த தீர்ப்பில், துறைக்குள் கடைசி மேல்முறையீட்டுப் படியான அப்பீல்ஸ் கவுன்சிலும் கைவிரித்துவிட்டால், அமெரிக்க மாவட்ட நீதிமன்றத்துக்கு அலைவதைவிடப் புது விண்ணப்பம் போடுவதே மேல் என்பது என் கட்சி. கோர்ட் யாரையும் கூப்பிட்டு விசாரிக்காது. பழைய கோப்பைப் புரட்டி, ஏ.எல்.ஜே.யின் (துறை விசாரணையை நடத்திய நிர்வாக நீதிபதியின்) முடிவுக்குப் போதிய சான்று இருந்ததா, அவர் சட்டத்தைச் சரியாகப் பின்பற்றினாரா என்று மட்டும் பார்க்கும். ‘போதிய சான்று’ என்பதற்குப் பெரிதாக ஒன்றும் வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமே 2019இல் பீஸ்டெக் வழக்கில் சொல்லிவிட்டது. ஜெயித்தாலும் பெரும்பாலும் ரிமாண்ட்தான் (மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்புவதுதான்), பணம் அல்ல.

வைகறை:
காப்பீடு முடியும் தேதியை விட்டுவிட்டீர்களே, முகிலன்! முதலில் பார்க்க வேண்டியதே அதுதான்; அந்தத் தேதிக்குள் ஊனம் தொடங்கியதாகக் காட்டினால்தான் தொகை கிடைக்கும். தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, வேலையை விட்டுச் சுமார் 5 ஆண்டில் காப்பீடு முடிந்துவிடும். ஏ.எல்.ஜே. தீர்ப்பு அதற்குப் பிறகு வந்திருந்தால், புது விண்ணப்பத்தை ‘ஏற்கெனவே தீர்ப்பான விஷயம்’ என்று தள்ளிவிடுவார்கள். அவருக்குப் புது விண்ணப்பம் வெறும் காகிதம். தேதி மீதமிருந்தாலும், புது விண்ணப்பத்துக்கு முந்தைய காலத்துக்கான பின்பாக்கி அதிகபட்சம் 12 மாதத்துக்குத்தான். ரிமாண்டில் பழைய விண்ணப்பத் தேதி அப்படியே நிற்கும்.

முகிலன்:
தேதி முடிந்தவர் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். தீர்ப்புக்குப் பிறகு உடல்நிலை மோசமானவருக்கு? புது ஸ்கேனைக் கோர்ட் எளிதில் பார்க்காது. பார்க்க வேண்டுமானால் அது பழைய காலகட்டத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும், முடிவை மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும், முன்பே தராததற்குத் தக்க காரணமும் வேண்டும். டாக்டர் கடிதத்தை நம்பியும் பயனில்லை. 2017 மார்ச் 27 முதல் போட்ட விண்ணப்பங்களில் சிகிச்சை தரும் மருத்துவர் என்பதற்காகத் தனி எடை கிடையாது.

தாமரை:
எடை போனது உண்மை, விளக்கும் கடமை போகவில்லை. அந்தக் கருத்துக்கு ஆதாரம் உண்டா, மற்றச் சான்றுகளோடு பொருந்துகிறதா என்ற இரண்டையும் ஏ.எல்.ஜே. எழுதியே ஆகவேண்டும். ஒரே வரியில் தள்ளியிருந்தால் கோர்ட்டுக்கான பிரீஃபை (எழுத்து வாதத்தை) அங்கிருந்து தொடங்குங்கள். இன்னொரு ஓட்டை: கவனம் நிலைப்பதில் மிதமான குறை உண்டு என்று தீர்ப்பில் எழுதிவிட்டு, மனுதாரரால் எந்த வேலை செய்ய முடியும் என்று விசாரணையில் சொல்லும் தொழில் நிபுணரிடம் கேட்ட கேள்வியில் அதைச் சேர்க்காமல் விடுவது. கோப்பின் பக்க எண்ணோடு காட்டுங்கள். வலி அதிகம் என்று மட்டும் மறுபடி எழுதினால் தோல்விதான்.

வைகறை:
இதில் ‘இதுவா அதுவா’ என்ற கேள்வியே தேவையில்லை. அப்பீல்ஸ் கவுன்சிலில் இருக்கும்போதுதான் அதே வகைத் தொகைக்கு இரண்டாவது விண்ணப்பம் கூடாது. கோர்ட்டில் வழக்கு நடக்கும்போது தாராளமாகப் போடலாம். முகிலன் சொல்லும் ஸ்கேன் அதில் போகட்டும்.

முகிலன்:
அப்படியானால் சரி. ஆனால் வக்கீல் இல்லாமல் போகிறவர்கள் கெடுவைத் தவறவிடுவதைப் பார்த்தால் மனம் ஆறவில்லை.

தாமரை:
அப்பீல்ஸ் கவுன்சிலின் அறிவிப்பு கிடைத்ததிலிருந்து வழக்குப் போட 60 நாள். அறிவிப்பு, அதில் உள்ள தேதியிலிருந்து 5 நாளில் கிடைத்ததாகக் கணக்கு. கட்டணம் 405 டாலர், வசதி இல்லையென்றால் விலக்குக் கேட்கலாம். 2022 டிசம்பர் 1 முதல் சம்மனை நாமே சேர்ப்பிக்கத் தேவையில்லை, கோர்ட்டே அரசுக்கு மின்வழியில் தெரிவித்துவிடும். பலர் தவறவிடுவது அடுத்த கெடுவை: அரசு கோப்போடு பதில் தாக்கல் செய்ததிலிருந்து பொதுவாக 30 நாளில் உங்கள் பிரீஃப் போக வேண்டும்.