அரிய காசா, கட்டித் தங்கமா? விற்றுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

குழித்துறைக்காரன்

ரப்பர் மரம் வெட்டி விற்றதில் கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. வீட்டில் எல்லாரும் "தங்கக் கட்டி வாங்கி லாக்கரில் வை" என்கிறார்கள். மாமா ஒருவர் மட்டும் வேறு பாட்டு பாடுகிறார். அவர் பழங்காசு சேர்ப்பவர். "கட்டி ஊரெல்லாம் கிடைக்கும். விசாகம் திருநாள் மகாராஜா 1881-ல் அடித்த திருவிதாங்கூர் சவரன் எத்தனை பேரிடம் இருக்கும்?" என்று கேட்கிறார். (அந்தச் சவரனை அவரே படத்தில்தான் பார்த்திருக்கிறார்.) காசோ கட்டியோ, கையில் வைத்திருந்து விற்கப் போனவர்கள் நடந்ததைச் சொல்லுங்கள். வாங்கிய கதை வேண்டாம், அது எல்லாருக்கும் இனிப்பாகத்தான் இருக்கும்.

செங்கோட்டை மாலா

எங்கள் ஆச்சிக்குக் கல்யாணம் நடந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது. 1956-ல்தான் நாங்கள் இந்தப் பக்கம் வந்தோம். ஆச்சியின் காசுமாலை முழுக்க இங்கிலாந்துப் பவுன். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரைமேல் உட்கார்ந்து பறவைநாகத்தைக் குத்தும் வீரன். பாகம் பிரித்தபோது எனக்கு வந்ததில் ஒரு காசில் 1918 என்று இருந்தது. ஆண்டுக்கு மேலே குதிரையின் காலடித் தரையில் பொடியாக ஆங்கில ஐ எழுத்து. லண்டன் சவரனைப் பம்பாயில் அடித்தது அந்த ஓர் ஆண்டுதான், அதற்கு அடையாளம் அந்த எழுத்து என்று படித்திருந்தேன்.

தென்காசியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கொக்கியின் எடையைக் கழித்தார், மிச்சத்துக்கு 22 கேரட் விலை போட்டார். சவரன் எட்டு கிராமுக்கு ஒரு பொட்டு குறைவு, 7.98 வரும். பம்பாய் எழுத்தைக் காட்டினேன். சிரித்துவிட்டு, "அக்கா, உருக்கினால் எழுத்து எங்கே போகும்?" என்றார். சரி, இவருக்குத் தெரியாது என்று திருவனந்தபுரத்தில் காசு சேர்க்கும் ஒருவரிடம் போனேன். அவர் பூதக்கண்ணாடியில் விளிம்பைப் பார்த்தார். "கொக்கி பற்றவைத்த காசு அம்மா, சூடு பட்டிருக்கிறது. சேகரிப்புக்கு எடுக்கமாட்டோம். பொன் விலைதான்." இரண்டு பேரும் சொன்ன தொகை ஏறக்குறைய ஒன்று. விற்கவில்லை, வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் காசுமாலை வைத்திருக்கும் பாதிப் பேருக்கு இதேதான் கதை.

நாகர்கோவில் மதிப்பீட்டாளர்

அண்ணாச்சி, விற்பதைப் பற்றிக் கேட்கிறீர்கள். நம் மாவட்டத்தில் தங்கம் விற்பதைவிட அடகில் இருப்பதுதான் அதிகம், அதையும் கணக்கில் சேருங்கள். வங்கியில் நகை மதிப்பிட்டு ஓய்வு பெற்றவன் நான். கட்டியைக் கொண்டுவந்து கடன் கேட்டவர்களைத் திருப்பி அனுப்புவதே பெரிய சங்கடமாக இருக்கும். "சுத்தத் தங்கம் சார், நகையைவிட மேல்" என்பார்கள். அது உண்மைதான். ஆனால் ரிசர்வ் வங்கி விதிப்படி கட்டியின் பேரில் கடன் கிடையாது. நகைக்கு உண்டு. நான் வேலையில் இருந்தபோது வங்கிகள் விற்கும் தங்கக் காசுக்கும் ஒருவருக்கு 50 கிராம் வரை உண்டு. உங்கள் மாமா சொல்லும் திருவிதாங்கூர் சவரனை அப்போது நீட்டியிருந்தால் அதற்குக் கிடைத்திருக்காது. ஆக பிள்ளை படிப்புக்கோ ஆஸ்பத்திரிக்கோ ராத்திரியோடு ராத்திரியாகப் பணம் புரட்ட வேண்டிய குடும்பம் என்றால், கட்டி கை கொடுக்காது, அரிய காசையும் நம்பியிருக்க முடியாது. வளையல் கொடுக்கும்.

கட்டி என்றால் கவலையே இல்லை என்பதும் இந்தத் தலைமுறைப் பேச்சுதான். என் அப்பா தங்க வேலை செய்தவர். 1963-ல் தங்கக் கட்டுப்பாடு வந்தபோது 14 கேரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றார்கள். பத்தர் குடும்பங்கள் பட்ட பாட்டை அவர் கடைசிவரை பேசினார். அப்புறம் 1968 சட்டம். சாதாரண ஆள் கட்டித் தங்கம் வைத்திருப்பதே குற்றம், 1990-ல் அந்தச் சட்டத்தை எடுக்கும்வரை.

கொழிஞ்சாம்பாறை மணி

எங்கள் பக்கம் இது வேறு மாதிரி நடக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணனுக்கு போன் வந்தது. வைஷ்ணவ தேவி படம் போட்ட 5 ரூபாய்க் காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் அனுப்புங்கள் என்று. ரிசர்வ் வங்கி முத்திரையோடு கடிதம் வேறு வாட்ஸப்பில் வந்தது. பழைய காசு, நோட்டு வாங்கி விற்கும் வேலையைத் தாங்கள் செய்வதில்லை, கட்டணமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்திருக்கிறது. அதைக் காட்டினேன், நல்லவேளை பணம் போகவில்லை. அரிசியைக் காந்தம்போல இழுக்கும் அதிசயச் செம்புக் காசு என்று சொல்லி பாலக்காடு, கோவை இரண்டு பக்கமும் ஏமாற்றிச் சுற்றும் கும்பலும் இதே ரகம். ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 கிழக்கிந்தியக் கம்பெனி காசு என்று யார் நீட்டினாலும் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை.

சாலைக் கம்போளத்தான்

காசு சேர்ப்பவன் நான். ஆனாலும் முதலீடு என்று சொல்லி யாரையும் இதற்குள் இழுப்பதில்லை. என்னிடம் விற்க வருகிறவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

களியக்காவிளையிலிருந்து ஒருவர் வெள்ளிக் காசு கொண்டுவந்தார். 1116 என்று ஆண்டு போட்டிருந்தது. சோழர் காலத்துக் காசு, பத்து லட்சத்துக்குக் குறைந்து இல்லை என்றார். அது கொல்லம் ஆண்டு. 824, 825 கூட்டினால் 1940-41 வருகிறது, சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில் 'பணம்' என்று பெயர் கொண்ட காசு. நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். எங்கள் அப்பா அந்தக் காசைக் கொடுத்துக் கடலை வாங்கித் தின்றிருக்கிறார். சொன்னதும் அவருக்கு என்மேல்தான் கோபம்.

இன்னொருவர் கொண்டுவந்தது நிஜமாகவே நல்ல காசு, 1911 ஜார்ஜ் ரூபாய். ராஜாவின் அங்கியில் இருக்கும் யானை பன்றி போலத் தெரிகிறது என்று அப்போதே கூச்சல் கிளம்பி, மறு ஆண்டே அச்சைத் திருத்தினார்கள். அதனால்தான் அதற்கு விலை. ஆனால் அவர் வருவதற்கு முதல் நாள் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்திருந்தார். எங்களுக்கு வேண்டியது அந்தப் பழைய கறுப்புதான். தேய்த்த காசுக்கு வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம்தான் கொடுக்க முடிந்தது.

வெள்ளி விலை என்றதும் ஒன்று. ராஜா தலை ரூபாயை எடைக்கு வாங்கிச் சேர்க்கிறவர்கள் ஆண்டைப் பாருங்கள். 1939 வரை 11.66 கிராமில் 91.7 சதவீதம் வெள்ளி. 1940 முதல் பாதிதான் வெள்ளி, மிச்சம் செம்பும் நிக்கலும் துத்தநாகமும். 1947-ல் வெறும் நிக்கல். கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இதில் 1939 தான் அரிது, அதனாலேயே சந்தையில் போலியும் அதிகம்.

உங்கள் மாமா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் 1933 இருபது டாலர் தங்கக் காசை எடுத்துக்கொள்ளுங்கள். நாலரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக அடித்து, புழக்கத்தில் விடாமலே ஏறக்குறைய எல்லாவற்றையும் உருக்கிவிட்டார்கள். தனியார் சட்டப்படி வைத்திருக்கக்கூடியது ஒன்றே ஒன்று. அது 2021 ஜூனில் 1.89 கோடி டாலருக்குப் போனது. அந்தக் காசின் மொத்த எடை நம் கணக்கில் நாலு பவுனுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மிச்ச விலை முழுக்க அதை வேண்டும் என்று நினைத்த ஆட்கள் கொடுத்தது. அந்த ஆட்கள் லண்டனிலும் நியூயார்க்கிலும் ஏலத்துக்கு வருவார்கள், குழித்துறைக்கு வரமாட்டார்கள். உங்கள் காசை அங்கே அனுப்பலாம் என்றும் நினைக்காதீர்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு 1972 சட்டப்படி தொல்பொருள், நாட்டைவிட்டுக் கொண்டுபோகத் தடை.

குழித்துறைக்காரன்

எல்லாருக்கும் நன்றி. நகை வேண்டாம் என்று வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள், செய்கூலியும் சேதாரமும் கண்ணைக் கட்டுகிறது. மதிப்பீட்டாளர் சார், அப்போது வங்கி விற்கும் காசா? அதை அவர்களே திரும்ப வாங்கிக்கொள்வார்களா?

நாகர்கோவில் மதிப்பீட்டாளர்

விற்பார்கள், திரும்ப வாங்கமாட்டார்கள். கடன் வேண்டுமானால் அந்தக் காசின் பேரில் கேட்கலாம். விற்க வேண்டுமானால் நகைக்கடைக்குத்தான் போக வேண்டும். உறையைப் பிரிக்காமல் பில்லோடு வையுங்கள். சின்னக் காசாகப் பத்து வாங்காதீர்கள், ஒவ்வொன்றுக்கும் அச்சுக் கூலி ஏறும். 3 சதவீத ஜிஎஸ்டியும் போனது போனதுதான். எந்தக் கடையாக இருந்தாலும் பணம் கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: "இன்றைக்கே திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு தருவீர்கள்?" உங்கள் மாமாவுக்குக் காசு விற்கிற ஆளிடமும் அதையே கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்ல அவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.