2பி டெஸ்ட்: பிளாங்க், எட்டு, இ-பிரேக் மூன்றிலும் சொதப்பல். ரிவிஷன் இரண்டு தடவைதான் இருக்கு

ஈசூன்_புதுசு:

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் 2பி (சின்ன பைக் லைசென்ஸ்) டெஸ்டுக்கு இன்னும் பதினாறு நாள். பேசிக் தியரி, ரைடிங் தியரி, சிமுலேட்டர், பாடங்கள் எல்லாம் முடிஞ்சது. ரிவிஷனுக்கு இரண்டு ஸ்லாட் மட்டும் கிடைச்சிருக்கு. அதை எதில் செலவழிக்கிறதுன்னு தெரியலை.

பிளாங்கில், அதான் அந்தக் குறுகின நீளப் பலகையில், நேராத்தான் ஏறுறேன். பாதி தாண்டினதும் முன்சக்கரம் இடது பக்கம் இறங்கிடுது. எட்டு வடிவத் தடத்தில் இடது வட்டம் பிரச்சினை இல்லை. வலது வட்டத்தில் வண்டி திக்கித் திக்கி அடங்குது, காலை ஊனிடுறேன். இ-பிரேக்கில் (அவசர பிரேக்) பின்சக்கரம் பூட்டிக்கிட்டு வால் ஆடுது. மூன்றுக்கும் வாத்தியார் ஒரே பதில்தான் சொல்றார்: "கண்ணைத் தூக்கு." தூக்கினாலும் விழுது.

இன்னொண்ணு, என் உயரம் 158 செ.மீ. நிற்கும்போது இரண்டு காலும் தரையில் முழுசா படாது. தடிமனான பூட்ஸ் வாங்கலாமா?

கிளட்ச்_கேபிள்:

தம்பி, வாத்தியார் சொன்னது தப்பில்லை, பாதிதான் சொல்லியிருக்கார். கண்ணைத் தூக்கினா வண்டி எங்கே போகணும்கிறது சரியாகும். எவ்வளவு வேகத்தில் போகணும்கிறதைக் கண் பார்த்துக்காது, அதுக்கு இடது கையும் வலது காலும்தான்.

முதலில் பிளாங்க். மெதுவா போகும்போது பைக் தானா நிற்காது. சாயுற பக்கம் ஹேண்டிலைத் திருப்பித் திருப்பித்தான் சக்கரத்தை எடைக்குக் கீழே கொண்டுவரணும். வேகம் குறையக் குறைய அந்தத் திருப்பம் பெருசாகும், பலகையில் அதுக்கு இடம் கிடையாது. அதனால் ஏறின உடனே வேகத்தைக் கொல்லக் கூடாது. பாதியில் விழுறவங்க பெரும்பாலும் செய்றது இதுதான்: முன்சக்கரம் ஏறினதும் பயத்தில் கிளட்சை முழுசா இழுத்துடுவாங்க. சங்கிலி தொய்ஞ்சிடும், வண்டி வெறும் உருளல்ல போகும், தள்ளாடும். பதறிக் கிளட்சை விட்டா ஒரு குலுக்கு, அதோட இறங்கிடும்.

செய்ய வேண்டியது: பலகைக்கு முன்னாடியே வண்டியை நேராக்கிடுங்க, கடைசி நொடியில் திருத்தாதீங்க. முதல் கியர். திராட்டிலை (ஆக்சிலரேட்டர்) கொஞ்சம் திறந்து, இன்ஜின் சத்தம் சீரா ஒரே மாதிரி கேட்கிற இடத்தில் பிடிச்சு, அதுக்கப்புறம் வலது மணிக்கட்டை மறந்துடுங்க. இரண்டு சக்கரமும் ஏறும் வரைக்கும் சாதாரண வேகம். ஏறினதும் பின்பிரேக்கை லேசா அழுத்தி அப்படியே வச்சுக்குங்க, கிளட்ச் பாதியில். இன்ஜின் முன்னாடி இழுக்கும், பிரேக் பின்னாடி பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் சங்கிலி இறுக்கமா இருக்கிறதால வண்டி குலுங்காது. வேகத்தைக் கூட்டணும்னா கிளட்சை ஒரு நூல் விடணும், குறைக்கணும்னா பின்பிரேக்கில் ஒரு நூல். திராட்டில் அசையவே வேண்டாம். முழங்கால் இரண்டும் டேங்க்கை அணைச்சிருக்கணும், முழங்கை தளர்வா இருக்கணும். கை விறைச்சா உடம்பு ஆடுற ஆட்டமெல்லாம் ஹேண்டிலுக்குப் போயிடும். இடது பக்கமே விழுதுன்னா, கிளட்ச் விரலை இறுக்கும்போது இடது கைப்பிடியையும் சேர்த்து இழுக்கிறீங்களான்னு கவனிங்க.

ரொம்ப ஆட்டம் வந்துட்டா, பலகையில் இத்தனை நொடியாவது இருக்கணும்கிற நேரக் கணக்கை விட்டுட்டு, கிளட்சை விட்டு வேகமா கடந்துடுங்க. சில புள்ளி போகட்டும், பலகையிலிருந்து விழுறதை விட எவ்வளவோ தேவலை.

எட்டு: ஊரில் எட்டு போட்டாலே லைசென்ஸ் கையில். இங்கே எட்டு பல ஐட்டத்தில் ஒண்ணுதான், ஆனா அடிப்படை அதே. ஹேண்டில் வலது பக்கம் திரும்பும்போது வலது கை உடம்போட ஒட்டி மடங்கும், மணிக்கட்டின் கோணம் மாறும், திராட்டில் உங்களுக்குத் தெரியாமலே அசையும். இடது வட்டம் நல்லா வருது, வலதில் அடங்குதுன்னா முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். வலது முழங்கையைக் கொஞ்சம் வெளியே தூக்கி வச்சுப் பிடிச்சுப் பாருங்க. இன்னொண்ணு, விரல்கள் முன்பிரேக் லீவரின் மேல இருக்கவே கூடாது. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன்பிரேக்கைத் தொட்டா ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்குற ஸ்பிரிங் கம்பிகள்) அமுங்கும், சக்கரம் உள்ளே மடியும், வண்டி அப்படியே படுத்துடும். அதில் காலை ஊனித் தப்பிக்கக்கூட நேரம் இருக்காது.

இறுக்கமான திருப்பத்தில் வண்டிதான் சாயணும். நீங்க நிமிர்ந்து, எடையை வெளிப்பக்கத்துக் காலில் கொடுங்க. இடது வட்டத்தை முடிக்கும் முன்னாடியே முகம் வலது வட்டத்தின் தூரத்து முனைக்குப் போயிருக்கணும். கண் மட்டும் போதாது, தாடை திரும்பணும்.

ஜூரோங்_ஜோடிச்சக்கரம்:

மேலே சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன், கொஞ்சம் மாறுபட்டும் சொல்கிறேன். எட்டை முதல் கியரில் போனால் திராட்டில் சிறிது அசைந்தாலும் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். இரண்டாம் கியரில் இழுப்பு மென்மையாக இருக்கும். கிளட்சை முழுவதும் விட்டுவிட்டு பின்பிரேக்கை மட்டும் வைத்தே சுற்றலாம். ஆனால் இரண்டாம் கியரில் வேகம் குறைந்துபோனால் இன்ஜின் அடங்கும். தம்பிக்கு வலது வட்டத்தில் நடப்பது அதுவாகவும் இருக்கலாம். எந்தக் கியரில் போகிறீர்கள்?

இ-பிரேக் பற்றி. பிரேக் பிடித்ததும் எடை முன்னால் பாய்கிறது. முன்டயர் தரையில் அழுந்தும், பின்டயர் லேசாகும். லேசான சக்கரத்தை மிதித்தால் பூட்டத்தான் செய்யும். வால் ஆடுகிறதென்றால் முன்பிரேக்கை நீங்கள் போதுமான அளவு பயன்படுத்தவில்லை, அந்தக் குறையைக் காலால் ஈடுகட்டப் பார்க்கிறீர்கள் என்று பொருள். நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டிப் போனாலும் காரணம் அதுதான். சறுக்கும் டயருக்கு நிறுத்தும் பலம் குறைவு.

பயிற்சி இப்படி: குறித்த வேகத்தை பிரேக் கோட்டுக்கு வெகு முன்பே எட்டிவிடுங்கள், கடைசி மீட்டரில் முறுக்கிக்கொண்டு வராதீர்கள். கோட்டில் திராட்டிலை மூடுவதும் பிரேக் தொடங்குவதும் ஒரே அசைவு. கோட்டுக்கு முன்பே பிரேக் பிடித்தாலும் குற்றம். முன்லீவரை வெடுக்கென்று பிடிக்காதீர்கள். முதலில் ஃபோர்க் அமுங்கும் வரை அழுத்தி, அமுங்கிய பிறகு மேலும் இறுக்குங்கள். எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி. பின்பிரேக் லேசாகத் தொடங்கி லேசாகவே இருக்கட்டும். பூட்டிவிட்டால் காலைச் சற்றுத் தளர்த்துங்கள், ஹேண்டில் நேராக, பார்வை தூரத்தில்.

கிளட்ச் எப்போது? பிரேக்குக்கு முன்னால் இழுத்தால் இன்ஜின் பிடிமானம் போய்விடும், வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். கடைசிவரை இழுக்காவிட்டால் இன்ஜின் அடங்கும். வண்டி நிற்கப்போகும் கடைசி ஓரிரு மீட்டரில் இழுங்கள். நின்றதும் இடது கால் மட்டும் கீழே, வலது கால் பிரேக்கில். கியரை ஒன்றுக்கு இறக்கி, பின்னால் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். நன்றாக நிறுத்தியவர்கள் இந்தக் கடைசிப் பார்வையை மறந்து புள்ளியை விடுவது வழக்கம்.

ஈசூன்_புதுசு:

ஜூரோங் அண்ணே, எட்டில் இரண்டாம் கியர்தான். கிளட்சைத் தொடுறதே இல்லை. அப்போ முதலுக்கு மாறணுமா? கிராங்க் கோர்ஸ் (90 டிகிரி மூலைகள் உள்ள குறுகின தடம்) எப்படியோ தேறிடுது, ஆனா ஒவ்வொரு தடவையும் பின்சக்கரம் கோட்டை உரசுற மாதிரி இருக்கு.

கிளட்ச்_கேபிள்:

கியரை இப்போ மாத்தாதீங்க தம்பி. பதினாறு நாளில் பழக்கத்தை மாத்துறது வேண்டாத வேலை. இரண்டாம் கியரிலேயே இருங்க, ஆனா இடது கை இரண்டு விரலைக் கிளட்ச் மேல வச்சிருங்க. இன்ஜின் தட்டுத் தட்டுன்னு முனகினா அரை நொடி லேசா இழுத்து விடுங்க, அடங்காது. வட்டத்துக்குள்ளே போனதுக்கப்புறம் வேகத்தைக் குறைக்கிறதும் தப்பு. குறைக்கிறதை நுழையும்போதே முடிச்சுடணும்.

கிராங்க்கில் முன்சக்கரம் போன வழியே பின்சக்கரம் போகாது, உள்பக்கமா வெட்டும். அதனால் 90 டிகிரி மூலைக்கு முன்னாடி வெளிக்கோட்டை ஒட்டிப் போங்க. மூலை உங்க தோளுக்கு நேரா வந்ததும் திருப்புங்க. சீக்கிரம் திருப்புறதால்தான் பின்சக்கரம் உரசுது. கூம்புக் கம்பத்தைப் பார்க்கவே பார்க்காதீங்க, பார்த்ததை இடிப்பீங்க.

செங்காங்_அக்கா:

தம்பி, உயரக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே. இரண்டு காலும் படணும்னு எவரும் கேட்கப் போறதில்லை. நிற்கும்போது இடது கால் கீழே, வலது கால் பிரேக்கில், அதுதான் முறையே. நிற்கிறதுக்கு முன்னாடி இருக்கையில் ஒரு அங்குலம் இடது பக்கம் நகர்ந்துக்குங்க, பாதத்தின் முன்பகுதி நல்லா ஊனும். ஹேண்டில் நேரா இருக்கும்போது மட்டும் நில்லுங்க. திரும்பின நிலையில் நின்னா குட்டையானவங்களுக்கு வண்டியைத் தாங்கவே முடியாது. சாலையில் ஓரத்தை ஒட்டி நிற்காதீங்க. சாக்கடைப் பக்கம் தரை சரியும், இடது காலுக்கு இன்னும் எட்டாது. லேனின் நடுவில் நின்னா தரை மட்டமா இருக்கும்.

தடிமனான பூட்ஸ் வேண்டாம். அடிப்பகுதி தடிச்சா கியர் லீவருக்கு அடியில் நுழையாது, பின்பிரேக் எவ்வளவு அமுங்குதுன்னு காலுக்குத் தெரியாது. உங்க பிளாங்க் முழுக்க அந்தக் காலில்தானே இருக்கு! கணுக்காலை மூடின, வழுக்காத சாதாரண ஷூ போதும். கயிறு இருந்தா உள்ளே செருகிடுங்க, லீவரில் மாட்டும்.

இப்போ யாரும் கேட்காத விஷயம். எல்லாரும் பிளாங்கைப் பத்தியே கவலைப்படுறீங்க. தப்புக்குப் போடுற குற்றப்புள்ளி 18 வரை பாஸ், 20 ஆச்சுன்னா பெயில். அந்த 20 சாகசத்தில் போறதை விட, பார்க்காம விடுறதில்தான் சொட்டுச் சொட்டாப் போகும். கிளம்பும்போது, லேன் மாறும்போது, திரும்பும்போது: கண்ணாடி, சிக்னல், தோளுக்கு மேல பிளைண்ட் ஸ்பாட் (கண்ணாடியில் தெரியாத இடம்), அப்புறம்தான் வண்டி அசையணும். பின்னாடி வர்ற டெஸ்டருக்கு உங்க கண் தெரியாது, ஹெல்மெட் திரும்புறதுதான் தெரியும். தாடை தோளைத் தொடுற மாதிரி திருப்புங்க. அதே நேரம் ஹேண்டில் கூடவே திரும்பக் கூடாது.

அடுத்து சிக்னலை அணைக்கிறது. கார் மாதிரி தானா அணையாது, திரும்பி முடிச்சதும் கட்டை விரலால் நடுவில் அமுக்கணும். வலது சிக்னல் எரிஞ்சுக்கிட்டே நேரா போனா எதிரே வர்றவர் நீங்க திரும்பப் போறீங்கன்னு நம்பி வெளியே வந்துடுவார், அதனால் இது சின்னக் குற்றம் இல்லை. நின்னிருக்கிற காரைத் தாண்டும்போதும் முழு வரிசையும் வேணும்: கண்ணாடி, சிக்னல், பார்வை, ஒரு மீட்டர் இடைவெளி, திரும்ப இடது சிக்னல்.

சாலையில் மணிக்கு 50 கி.மீ., வேகப் பலகை இல்லாட்டியும் அதுதான் எல்லை. பள்ளிக்கூடப் பக்கம் மஞ்சள் விளக்கு மினுக்கினா 40. பஸ் லேனில், அதுக்குரிய நேரத்தில் நுழையாதீங்க; சாதாரண பஸ் லேன்னா திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6.30-9.30, மாலை 5-8. பஸ் நிறுத்தத்துக்கு முன்னாடி தரையில் வழிவிடும் கோடு இருந்தா, வெளியே வர்ற பஸ்ஸுக்கு நின்னு வழிவிடணும். ஸ்டாப் கோட்டில் சக்கரம் முழுசா நிற்கணும், உருண்டுக்கிட்டே எட்டிப் பார்க்கிறது நின்னதா ஆகாது. கார்களுக்கு நடுவில் புகுந்து போற வேலை அன்னைக்கு வேண்டவே வேண்டாம்.

ஈசூன்_புதுசு:

அக்கா, ரொம்ப நன்றி. சிக்னல் அணைக்கிறதை நான் யோசிக்கவே இல்லை. ஒரே ஒரு கேள்வி: டெஸ்ட் அன்னைக்கு மழை பெஞ்சா?

ஜூரோங்_ஜோடிச்சக்கரம்:

சாதாரண மழையில் டெஸ்ட் நடக்கும், மின்னல் எச்சரிக்கை வந்தால் நிறுத்தி வைப்பார்கள். ஒரு ரிவிஷன் ஸ்லாட்டில் மழை பெய்தால் அதை அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் கோடு, அம்புக்குறி, இரும்பு மூடி, இவை ஈரத்தில் சோப்பு மாதிரி. அவற்றின் மேல் பிரேக்கும் வேண்டாம், சாய்வும் வேண்டாம். இ-பிரேக்கில் முன்லீவரின் முதல் அழுத்தத்தை இன்னும் மென்மையாக்குங்கள். பிளாங்கில் ஏறும் முன் ஷூவின் அடியை கால்மிதியில் ஒருமுறை தேய்த்துவிடுங்கள். ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியில் ஆவி படிந்தால் ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். மழைக்கோட்டு என்றால் மேல்சட்டையும் கால்சட்டையும் தனித்தனியாக இருக்கும் வகை. போர்வை மாதிரிப் போர்த்தும் போன்சோ காற்றில் பறந்து சக்கரத்தில் சிக்கும்.

வண்டி கையில் வந்ததும், கிளம்பும் முன் கிளட்சை இரண்டு மூன்று முறை மெதுவாக விட்டுப் பாருங்கள். பள்ளி வண்டிகளில் ஒன்றில் நுனியில் பிடிக்கும், ஒன்றில் கைப்பிடியை ஒட்டிப் பிடிக்கும். பிடிக்கும் இடம் தெரியாமல் பிளாங்குக்குப் போகாதீர்கள். கண்ணாடியையும் அப்போதே திருத்திக்கொள்ளுங்கள். சைட் ஸ்டாண்டை மடித்தீர்களா என்று பாருங்கள். மடிக்காமல் கியர் போட்டால் இன்ஜின் நின்றுவிடும், காரணம் புரியாமல் பதற்றம்தான் மிஞ்சும்.

செங்காங்_அக்கா:

அந்த இரண்டு ஸ்லாட்டில் முதலாவதை முழுக்க பிளாங்குக்கும் எட்டுக்கும் கொடுங்க. இரண்டாவதில் டெஸ்ட் வரிசையிலேயே முழுச் சுற்றா போங்க, இடையில் விழுந்தாலும் நிறுத்தாம. அடையாள அட்டையும் பிடிஎல்லும் (பழகுறதுக்கான தற்காலிக லைசென்ஸ்) டெஸ்ட் தேதி வரைக்கும் செல்லுமான்னு இன்னைக்கே பார்த்துடுங்க தம்பி.