'1776 முதல் தேயாத மரபு' என்று எழுதியவருக்கு

வைகைக்கரை:
மகள் அலபாமா பல்கலைக்கழகத்தில் சேர்கிறாள், சொராரிட்டியில் (கல்லூரி மாணவிகளின் சங்கம், பெரும்பாலும் கிரேக்க எழுத்தில் பெயரும் சேர்ந்து தங்க வீடும் உண்டு; மாணவர்களுடையது ஃபிராட்டர்னிட்டி) சேரட்டுமா வேண்டாமா என்று அட்லாண்டா அக்கா நேற்று கேட்டிருந்தார். அதற்கு டல்லாஸ்காரன் சார் கொடுத்த பதில்: "ஃபிராட்டர்னிட்டி, சொராரிட்டி எல்லாம் 1776 முதல் ஒருநாளும் தேயாத மரபு, இந்த நாட்டுக்கு என்ன வயதோ அதே வயது, கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள்." படித்ததும் காபி புரையேறிவிட்டது. 1776-ல் வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கியது ஃபை பீட்டா காப்பா. அது இன்று நன்றாகப் படிக்கிறவர்களுக்குத் தரும் கௌரவம். அதற்கு வீடும் கிடையாது, பீர் பீப்பாயும் கிடையாது. இன்றைக்கு நாம் பார்க்கிற சமாசாரம் ஆரம்பித்தது 1825-ல், நியூயார்க் மாநிலத்து யூனியன் கல்லூரியில், காப்பா ஆல்ஃபா என்ற பெயரில். தேயாத மரபாம்!

டல்லாஸ்காரன்:
வந்துவிட்டார் வாத்தியார். சரி, நான் கேட்கிறேன். ஃபை பீட்டா காப்பாவில் ரகசியக் கைகுலுக்கல் இருந்ததா? இருந்தது. சத்தியப் பிரமாணம்? இருந்தது. கிரேக்க எழுத்தில் பெயர்? இருந்தது. ராலி டேவர்ன் என்ற மதுக்கடையில் கூடினார்களா? கூடினார்கள். இவ்வளவும் இருந்தால் அது ஃபிராட்டர்னிட்டி இல்லாமல் பஜனை மடமா? 1776. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் மகன் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் படித்தபோது ஃபிராட்டர்னிட்டியில் இருந்தவன்தான், இன்றைக்கு அவன் வேலை பார்க்கும் இடத்தில் பாதிப் பேர் அங்கே பழகிய பையன்கள்தான்.

அட்லாண்டா அக்கா:
தம்பிகளா, எனக்கு வருடம் வேண்டாம். செலவு எவ்வளவு ஆகும், பிள்ளைக்குப் பாதுகாப்பா, அதை மட்டும் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
சொல்கிறேன் அக்கா, முதலில் இவர் கணக்கை முடித்துவிடுகிறேன். டல்லாஸ் சார், நீங்கள் தூக்கிப் பிடிக்கும் அந்த 1776 சங்கம் 1781-ல் பிரிட்டிஷ் படை நெருங்கியதும் தான் பிறந்த கல்லூரியிலேயே கடையை மூடிவிட்டது. ஹார்வர்டிலும் யேலிலும் கிளை விட்டிருந்ததால் பிழைத்தது. அப்புறம் 1826-ல் மேசன்கள் என்ற ரகசியச் சங்கத்தாரின் ரகசியங்களை வெளியிடப் போகிறேன் என்று கிளம்பிய மோர்கன் என்பவர் காணாமல் போனார். ரகசியச் சங்கம் என்றாலே ஊர் காறித் துப்பியது. 1831-ல் ஹார்வர்ட் கிளை ரகசியத்தையே கைவிட்டது. ரகசியத்தை விட்டதற்கு அப்புறமும் அதே சங்கம்தானா? கட்சி மாறின எம்.எல்.ஏ.வை இன்னும் பழைய கட்சி என்பீர்களா? 1825 சார், 1825.

புத்தகப்பூச்சி:
இருவருக்கும் ஒரு சந்தேகம். அக்கா கேட்டது சொராரிட்டி. அந்தச் சொல்லே 1882-ல்தான் வந்தது, சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் காமா ஃபை பீட்டா சங்கத்துப் பெண்களுக்காக ஒரு லத்தீன் பேராசிரியர் உருவாக்கிக் கொடுத்தார் என்பார்கள். 1870-ல் தொடங்கிய காப்பா ஆல்ஃபா தீட்டா இன்றைக்கும் தன்னைப் பெண்கள் ஃபிராட்டர்னிட்டி என்றுதான் சொல்லிக்கொள்கிறது. எதை ஃபிராட்டர்னிட்டி என்கிறோம் என்று முடிவு செய்யாமல் வருடத்துக்கு அடித்துக்கொள்வானேன்?

டல்லாஸ்காரன்:
பூச்சி சார், இடையில் வராதீர்கள். 1776.

வைகைக்கரை:
பூச்சி சொல்வதும் எனக்குத்தான் சாதகம். இப்போது 'தேயாத' என்ற சொல்லுக்கு வருகிறேன். 1897-ல் தென் கரோலினா சட்டமன்றம் அரசுக் கல்லூரிகளில் இவற்றுக்குத் தடை போட்டது, முப்பது வருடம் போலத் தலைமறைவாகக் கிடந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பையன்கள் எல்லாம் பட்டாளத்துக்குப் போக வீடுகள் காலியாயின. போர் முடிந்து அரசுச் செலவில் படிக்க வந்த சிப்பாய்களால் மறுபடி நிரம்பின. அறுபதுகளில் மாணவர்களுக்கே இது பழைய பணக்காரத்தனமாகத் தெரிந்தது, அதுவும் கறுப்பர், யூதர் கூடாது என்று விதி எழுதி வைத்திருந்த சங்கங்களோடு யார் நிற்பார்கள்? வில்லியம்ஸ் கல்லூரி 1962-ல் ஒழிக்க முடிவெடுத்தது, ஆம்ஹெர்ஸ்ட் 1984-ல், பௌடின் 1997-ல். இதெல்லாம் தேய்வு இல்லையென்றால் அமாவாசையும் பௌர்ணமிதான்.

டல்லாஸ்காரன்:
நாலு சின்னக் கல்லூரிகளின் பெயரைச் சொல்லிவிட்டால் ஆயிற்றா? தெற்கே வந்து பாருங்கள் ஐயா. அலபாமாவில் ஒவ்வொரு ஆகஸ்டிலும் புதியவர்களைச் சேர்க்கும் 'ரஷ்' நடக்கிறது, 2021-ல் அந்தப் பெண்கள் இன்று என்ன உடுத்தியிருக்கிறேன் என்று டிக்டாக்கில் போட்டதை உலகமே பார்த்தது. தேய்ந்த நிலவுக்கா இத்தனை கூட்டம்? ஆரம்பித்த வருடம் 1776, அதைப் பேசாமல் வேறெதையோ பேசுகிறீர்கள். போன வருடம் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாக் கணக்கிலும் இதே வேலைதான் செய்தீர்கள். இருநூறு டாலர் எங்கே என்று கேட்டதற்குச் சங்க வரலாறு ஒப்பித்தீர்கள்.

வைகைக்கரை:
பொங்கல் கணக்கை இங்கே இழுக்க வேண்டாம். ரசீது அன்றைக்கே போட்டாயிற்று, பார்க்காதது உங்கள் கண் கோளாறு. அலபாமாவைப் பற்றிச் சொன்னீர்களே, அங்கே வெள்ளையர் சொராரிட்டிகள் கறுப்பினப் பெண்களை ஒதுக்குகிறார்கள் என்று 2013-ல் அந்தப் பல்கலைக்கழக மாணவர் பத்திரிகை போட்டு உடைத்த பிறகுதான் கதவு கொஞ்சம் திறந்தது. 1963 இல்லை, 2013.

குடகுமலை:
கமலா ஹாரிஸை யாரும் சொல்லவில்லையே? ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தபோது ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா சொராரிட்டியில் சேர்ந்தவர். 1908-ல் கறுப்பினப் பெண்கள் தங்களுக்கென்று தொடங்கியது. நம் மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரத்தின் பேத்தி!

டல்லாஸ்காரன்:
தோற்றவரை எதற்கு இழுக்கிறீர்கள்?

குடகுமலை:
தோற்றால் பேத்தி இல்லையா? என்ன பேச்சு இது? உங்கள் அரசியல் எந்தப் பக்கம் என்று இந்த இழையில் எல்லோருக்கும் தெரியும்.

புத்தகப்பூச்சி:
நம் பிள்ளைகள் சேருவது பெரும்பாலும் பழைய வீடுகளில் இல்லை. தெற்காசியப் பையன்கள் தங்களுக்கென்று 1994-ல் நியூயார்க் மாநிலத்துப் பிங்காம்டனில் ஐயோட்டா நூ டெல்டா, 1998-ல் ஆஸ்டினில் டெல்டா எப்சிலான் சை என்று தொடங்கினார்கள். டல்லாஸ் சார், உங்கள் மகன் இருந்தது ஆஸ்டின்தானே, அதுவா?

டல்லாஸ்காரன்:
அது என் குடும்ப விஷயம்.

வைகைக்கரை:
ஆகா! 1776 மரபில் சேர்ந்த பையன் 1998 வீட்டில் இருந்திருக்கிறான்! இருநூற்று இருபத்திரண்டு வருடத்தை ஒரே மூச்சில் முழுங்கிவிட்டீர்களே சார்.

டல்லாஸ்காரன்:
கிண்டல் போதும். வேர் 1776-ல் இருக்கிறது, கிளை எப்போது விட்டால் என்ன? என் பையனுக்கு ஹேசிங் (புதிதாகச் சேர்கிறவர்களைப் படுத்தும் கொடுமை) கிடையாது, ஒன்றும் கிடையாது. நம் ஊர் ராகிங்கைவிட எவ்வளவோ மேல்.

வைகைக்கரை:
மேலா? 2017-ல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்து ஃபிராட்டர்னிட்டி ஒன்றில் புதிதாகச் சேர்ந்த பையனைக் குடிக்க வைத்து, அவன் படியில் விழுந்து கிடந்தும் மறுநாள் காலைவரை உதவிக்கு ஆள் கூப்பிடாமல் விட்டார்கள். பையன் போய்விட்டான். கல்லூரிகள் ஹேசிங் கணக்கை வெளியிட வேண்டும் என்று நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வர 2024 டிசம்பர் ஆகிவிட்டது. அக்கா, இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன், இவர் விட்டால்தானே.

அட்லாண்டா அக்கா:
மகள் போன வாரமே பதிவு செய்துவிட்டாளாம், இப்போதுதான் சொல்கிறாள். கட்டணம் எவ்வளவு என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

டல்லாஸ்காரன்:
நல்ல முடிவு அக்கா, வாழ்த்துகள். வைகைக்கரை சார், அந்தப் பொங்கல் ரசீதை மறுபடி ஒருமுறை போடுங்கள், தேதியோடு.

வைகைக்கரை:
போடுகிறேன். நீங்கள் 1825 என்று எழுதின மறு நிமிடம் போடுகிறேன்.