பொருள்: காசமல்லாத கழுத்துக் கட்டி – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.
ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாடைக்கடியில் ஒரு பக்கம் நெறி கட்டும், அதாவது நிணநீர்க்கணு வீங்கும். வலிக்காது, காய்ச்சல் இராது, வாரக்கணக்கில் வற்றாது. மேல்தோல் ஊதாவாக மாறும். காரணம் மைக்கோபாக்டீரியா. ஆனால் காசநோய்க் கிருமி அல்ல. மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் அதன் பங்காளிகள். பெற்றோருக்கான கையேட்டில் 'காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரிய நிணநீர்க்கணு அழற்சி' என்று எழுதிவிட்டு எனக்கே மூச்சு வாங்கியது. வெள்ளிக்கிழமை அச்சு. சுருக்கித் தாருங்கள்.
– மு.

இலக்கணத்திலேயே வழி இருக்கிறது. அல் + திணை அஃறிணை ஆனது போல, அல் + காசம் = அற்காசம். 'அற்காசக் கணு அழற்சி.' மூன்றே சொல்.
– தி.

தி. ஐயா, 'அற்பக் காசம்' என்பதன் அச்சுப்பிழை என்றே படிப்பார்கள். மேலும் காசம் வடசொல், பொருள் இருமல். இருமலே இல்லாத நோய்க்கு இருமலை ஏன் மறுக்க வேண்டும்? கண்டமாலை என்று பழைய வைத்தியச் சொல்லே இருக்கிறதே.
– வே.

கண்டம் மட்டும் என்னவாம், வடசொல்தானே? அப்புறம், நிணநீரையும் விசாரிக்க வேண்டும். பழைய நூல்களில் நிணம் என்றால் கொழுப்பு.
– தி.

குடலிலிருந்து கொழுப்பைச் சுமந்து வருவதும் அந்த நீர்தான். பெயர் வைத்தவர் தப்பவில்லை.
– வே.

மைக்கோ என்றால் பூஞ்சை. 1896இல் பெயரிட்டபோது, திரவத்தின் மேல் பூஞ்சணம் போலப் படர்ந்ததால் வந்த பெயர். பாக்டீரியாவைக் கோலி (கோல் போன்ற கிருமி) என்று வைத்து, 'பூஞ்சைக்கோலி' எனலாமே?
– அ.

தோலில் வரும் படைக்குக் களிம்பு வாங்கப் பெற்றோர் போய்விடுவார்கள்!
– மு.

மருத்துவராக ஒரு வார்த்தை. கண்டமாலை வேண்டாம், காசநோயால் வரும் கழுத்துக் கட்டியையும் அது குறிக்கும். பிரித்துக் காட்டத்தானே சொல் தேடுகிறோம்? இது பிள்ளைக்குப் பிள்ளை தொற்றாது. ஐசோநியாசிட், பைரசினமைடு போன்ற காசநோய் மாத்திரைகள் இதில் பெரும்பாலும் எடுபடுவதில்லை.

தலைப்பை விட எனக்குக் கவலை நான்காம் பக்கம். அங்கே எல்லாமே 'அறுவை'. கட்டியைக் கீறிச் சீழை மட்டும் வடித்தால் புண் ஆறாமல் மாதக்கணக்கில் கசியும். கணுவை முழுதாக எடுப்பது வேறு. நெதர்லாந்தில் 100 குழந்தைகளிடம் நடந்து 2007இல் வெளிவந்த ஆய்வில், அப்படி எடுத்தவர்களில் 96 சதவீதம் பேர் குணமானார்கள். 12 வாரம் கிளாரித்ரோமைசின், ரிஃபாபுட்டின் என்ற கிருமிக்கொல்லி மருந்துகளைச் சாப்பிட்டவர்களில் 66 சதவீதம். முக நரம்பின் கிளை கட்டியை ஒட்டி ஓடினால், கத்தி வைக்காமல் மருந்தோ பொறுத்திருப்பதோ மேல். தானாக ஆறப் பல மாதமாகும். 'கணுநீக்கம்', 'கீறி வடித்தல்' என்று இரண்டு சொல்லாகப் போடுங்கள்.
– ச.

இரண்டையும் எடுத்துக்கொண்டேன். தலைப்புக்கு 'காசநோய் சாராத கழுத்து நெறிக்கட்டு'. கிருமியின் முழுப்பெயர் உள்ளே ஒரே ஒரு தடவை. மறுப்பு உண்டா?
– மு.

சரி.
– அ.

சரி, தூக்கம் வருகிறது.
– வே.

எனக்கு உடன்பாடில்லை. பங்காளி என்று முதல் மடலில் சொல்லிவிட்டு இப்போது சாராதவன் என்றால் எப்படி? 'அல்லாத' என்பதே சரி. 'சாரா' என்று சுருக்குவதாக இருந்தால் 'சாராக் கழுத்து' என ஒற்று மிகும். அதையாவது அச்சகத்தில் சொல்லிவையுங்கள்.
– தி.